மண்டபத்து மணற்கல் சுவருக்கு ஆகுமா? – என் அனுபவம்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்தை அடுத்த எங்கள் பட்டா நிலத்தில் கிணறு தோண்டியபோது, மணலுக்கடியில் சுண்ணாம்பு பிணைத்த மணற்கல் படுகை ஒன்று தென்பட்டது. சுற்றுச்சுவருக்கு அது ஆகுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. சுத்தியலால் தட்டினால் மேற்பரப்பு கணீரென்று ஒலித்தது. ஆனால் இவ்வகைக் கல்லில், மழைநீர் கரைத்த சுண்ணாம்பு மேலோட்டில் மீண்டும் படிந்து இறுகியிருக்க, உள்ளே கை பட்டாலே உதிரும் கல் இருப்பதுண்டு என்பதால், அடுக்குக்கு அடுக்கு தனி மாதிரி எடுத்தேன்.

ஒவ்வொன்றையும் உலர்த்தி எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவிட்டு மறுபடியும் எடைபோட்டேன். எடை 5 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் அந்தக் கல்லை ஒதுக்குவது பொதுவான வழக்கம். கீழடுக்குகள் அதிலேயே தேறவில்லை.

கடற்காற்று வீசும் இடத்தில் இதைவிட முக்கியமானது உப்பு. துளைகளில் புகுந்த உப்புநீர் உலரும்போது படிகமாகி, கல்லைச் செதில் செதிலாக உரித்துவிடும். எனவே தேறிய துண்டுகளைச் சோடியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவதைத் திரும்பத் திரும்பச் செய்து, விளிம்பு உதிராத அடுக்கை மட்டும் தேர்ந்தேன்.

அஸ்திவாரத்துக்கும் தரையை ஒட்டிய வரிகளுக்கும் கருங்கல்லையே வைத்து, மேலே இந்த மணற்கல்லைப் படுகையில் கிடந்த வாக்கிலேயே கிடையாக அடுக்கச் சொன்னேன். செங்குத்தாக நிறுத்தினால் ஏடு ஏடாகப் பிரியும். பூச்சுக்குச் சுண்ணாம்புச் சாந்து, ஏனெனில் அது ஈரத்தை வெளியேற விடும். பட்டா நிலமானாலும் கல் எடுக்கக் கனிமவளத் துறையின் அனுமதி தேவை.