ஆறு சக்கர நீர்-நில வண்டிக்குச் சொந்தமாக டிராக் கட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆர்கோ, மேக்ஸ் மாதிரியான ஆறு சக்கர, எட்டுச் சக்கர வண்டிகள் நிலத்திலும் ஓடும், தண்ணீரிலும் மிதந்து போகும். ஆர்கோ 1967-இல் கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்த வண்டி. அந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படி ஒன்றை யோசித்தார்கள் என்பதற்கு அங்குள்ள நிலமே பதில். ஏரி, ஏரிக்கு அடுத்து மஸ்கெக் என்று அவர்கள் சொல்லும் பாசிச் சதுப்பு, அதைத் தாண்டினால் பாறை, அப்புறம் மறுபடி ஏரி. கோடையில் காற்று குறைந்த பெரிய டயர்களே இதில் பாதியைச் சமாளித்துவிடும். ஆழமான சதுப்பிலும் புதுப் பனியிலும்தான் டயர் தோற்கும், அங்கே டிராக் வேண்டும், அதாவது ஒரு பக்கத்து டயர்களையெல்லாம் சுற்றி டாங்கியில் மாதிரி ஓடும் பட்டையான பெல்ட். கடை டிராக்கின் விலையைப் பார்த்துவிட்டுப் பலர் பழைய கன்வேயர் பெல்ட்டை வாங்கி வந்து ஷெட்டிலேயே கட்ட ஆரம்பிக்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம், நன்றாகச் செய்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கெட்டுப்போகும் டிராக்குகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் கெடுகின்றன: வண்டி திரும்பும்போது.

இந்த வண்டிகளில் முன் சக்கரம் காரில் மாதிரி பக்கவாட்டில் திரும்பாது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் எல்லாம் செயினால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கும், ஒரு பக்கத்துக்கு பிரேக் பிடித்தால் மறுபக்கம் ஓடி வண்டியைச் சுழற்றும். டயர்களில் 2, 3 பி.எஸ்.ஐ. காற்றுதான் இருக்கும் என்பதால் அவை கொஞ்சம் நெளிந்து, கொஞ்சம் வழுக்கி, அந்தப் பக்கவாட்டு இழுப்பை விழுங்கிக்கொள்ளும். அதே டயர்கள் மேல் முழு நீளத்துக்கு ஒரு பெல்ட்டைப் போட்டு, அதில் குறுக்குப் பட்டைகளையும் அடித்துவிட்டால், திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த முழுப் பெல்ட்டையும் மண்ணோடு பக்கவாட்டில் இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த விசை பெல்ட்டோடு நிற்காமல் டயர், ரிம், ஆக்சில், பேரிங், செயின், ஸ்டீயரிங் பிரேக் என்று உள்ளே போய், எது பலவீனமோ அதை உடைக்கும். நேராக இழுக்கும்போது எதுவும் ஆகாத டிராக், திரும்பும்போது ஆக்சிலை வளைப்பது இப்படித்தான்.

அதனால் பெல்ட் வாங்கப் போவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து இரண்டு அளவு எடுங்கள். டிராக் தரையில் படியப்போகும் நீளம் ஒன்று, இடது டிராக்கின் நடுவிலிருந்து வலது டிராக்கின் நடுவுக்கு உள்ள அகலம் இன்னொன்று. நீளத்தை அகலத்தால் வகுத்தால் வரும் எண் 1.7 அல்லது 1.8-ஐத் தாண்டக் கூடாது என்பது ராணுவ டாங்கி வடிவமைப்பவர்கள்கூடப் பின்பற்றும் கணக்கு. ஆறு சக்கர வண்டியில் 150 செ.மீ. நீளம், 110 செ.மீ. அகலம் என்றால் 1.36, பிரச்சினை இல்லை. எட்டுச் சக்கர வண்டியில் நீளம் 2 மீட்டரைத் தாண்டிவிட்டால் எண் 1.8-க்கு மேலே போய்விடும். திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், திருப்ப முயன்றால் பிரேக்கில் புகை வரும். இதை வெல்டிங் முடிந்த பிறகு கண்டுபிடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது எல்லோரையும் இழுக்கும் ஆசை: பெரிய, கூரான இரும்புப் பட்டைகளை நெருக்கமாக அடித்தால் பிடிமானம் அதிகமாகும் என்ற எண்ணம். காய்ந்த மண்மேட்டில் ஏறும்போது அது சரியாகத்தான் தெரியும். சதுப்பில் நடப்பது வேறு. அங்கே உங்களைத் தாங்குவது பாசியும் புல்லும் வேர்களும் பின்னிக்கிடக்கும் மேல்பாய், அதற்குக் கீழே குழம்புதான். உயரமான இரும்புப் பட்டை அந்தப் பாயைக் கிழிக்கும். கிழிந்ததும் டிராக் தனக்குத்தானே குழி தோண்ட, வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும். மிதக்க வைப்பது பரப்பளவு. வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளத்தில் இரண்டு டிராக் படிந்தால் 13,500 சதுர செ.மீ., அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 44 கிராம். 80 கிலோ ஆள் ஒருவர் ஒற்றைக் காலில் நின்றால், பூட்ஸின் அடிப்பாகம் 200 சதுர செ.மீ. என்றாலும் 400 கிராம். உங்கள் கால் புதையும் இடத்தில் வண்டி போவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். கூர்மையைக் கூட்டி இதைக் கெடுக்காதீர்கள். பட்டையின் முனைகளை வட்டமாகத் தேய்த்துவிடுங்கள், உயரத்தைக் குறைத்து வையுங்கள். திரும்பும்போது பக்கவாட்டில் வழுக்கும் பட்டை உங்கள் ஆக்சிலுக்குச் செய்யும் உதவி கொஞ்சநஞ்சமல்ல.

பட்டைக்கு எந்தப் பொருள்? எனக்கு இதில் சந்தேகமே இல்லை: முடிந்தால் யூ.ஹெச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக், இல்லாவிட்டால் அலுமினியம், இரும்பு கடைசி. தண்ணீரில் இறங்கும் வண்டி இது என்பதை ஷெட்டில் நிற்கும்போது மறந்துவிடுகிறோம். 100 கிலோ இரும்பு முழுதாக மூழ்கினாலும் தள்ளும் தண்ணீர் 13 லிட்டர்கூட இல்லை, மிச்சம் 87 கிலோவை வண்டியின் தொட்டிதான், அதாவது படகு மாதிரி மிதக்கும் அதன் உடம்புதான், சுமக்க வேண்டும். பாலிஎத்திலீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, மூழ்கிய பாகம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத் தொட்டியில் 100 கிலோ கூடினால் வண்டி சுமார் மூன்றரை செ.மீ. கூடுதலாக அமிழும். கரையில் அது சின்ன எண்ணாகத் தெரியும். ஏரியில் காற்றடிக்கும்போது விளிம்புக்கும் அலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே ஒரு சாண்தான் என்றால், அந்த மூன்றரை செ.மீ. பெரிய விஷயம்.

பிளாஸ்டிக்கில் ஒரு கவனம் வேண்டும். குளிரில் அது நன்றாகச் சுருங்கும். 45 செ.மீ. பட்டை, கோடையின் 30 டிகிரிக்கும் குளிர்காலத்தின் மைனஸ் 30-க்கும் நடுவில் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு நீளம் மாறும். நான்கு போல்ட்டை இறுக்கமான துளைகளில் அடித்திருந்தால் பட்டை வளையும், அல்லது பெல்ட்டின் துளை கிழியும். நடுப்போல்ட்டை மட்டும் அளவாக வைத்துவிட்டு, ஓரத் துளைகளை நீள்துளையாக வெட்டுங்கள்.

பெல்ட் தடிமனாக இருந்தால் உறுதி என்று நினைப்பதும் தவறு. சுரங்கத்திலிருந்து வரும் இரும்புக் கம்பி வைத்த பெல்ட் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அது சுமார் அறுபது செ.மீ. விட்டமே உள்ள டயரைச் சுற்றி வளையவே சக்தியைத் தின்னும், வளைந்து வளைந்து உள்கம்பி அறுந்தால் பழுது பார்க்கவும் முடியாது. துணி அடுக்கு இரண்டு அல்லது மூன்று உள்ள பெல்ட் போதும். துளையை டிரில் போட்டுக் குடையாமல் பஞ்ச் வைத்து அடியுங்கள், டிரில் துணி இழையைப் பிய்த்துவிடும், அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். துளைகள் எல்லாம் ஒரே குறுக்குக் கோட்டில் வந்தால் தபால்தலைத் தாள் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். கொஞ்சம் முன்பின்னாக மாற்றி வையுங்கள், பெல்ட்டின் ஓரத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். டயரைத் தொடும் உள்பக்கம் போல்ட்டின் உருண்டைத் தலை, வெளிப்பக்கம் அகல வாஷரும் அதிர்வில் கழலாத நைலாக் நட்டும். இதைத் திருப்பிப் போட்டு, நட்டின் முனையால் டயரை அரைத்துத் துளை போட்டவர்கள் உண்டு. பெல்ட்டின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைக்கிறீர்கள் என்றால், வண்டி முன்னே போகும்போது மடிப்பின் விளிம்பு மண்ணில் குத்திக் கிளம்பாத திசையில் வையுங்கள். புது பெல்ட் முதலில் கொஞ்சம் நீளும், எனவே ஒரு பட்டை இடைவெளியைக் குறைத்து மறுபடி இணைக்க இடம் விட்டு வையுங்கள்.

டயர்தான் இங்கே பெல்ட்டை ஓட்டுகிறது, உராய்வை நம்பி. இது பழைய சிக்கல். கியூபெக்கைச் சேர்ந்த ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே 1937-இல் காப்புரிமை வாங்கியது, ரப்பர் பூசிய பல்சக்கரம் பெல்ட்டைப் பிடித்து ஓட்டும் முறைக்கு. பனியில் பெல்ட்டை வழுக்காமல் ஓட்டுவதுதான் கடினம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1953-இல் அவர் நிறுவனம் சதுப்புக்கென்றே மஸ்கெக் என்ற பெயரில் டிராக்டர் கொண்டுவந்தது. நம் வண்டியில் பல்சக்கரம் கிடையாது, எனவே டயருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சேறு புகுந்தால் டயர் மட்டும் சுற்றும், டிராக் நிற்கும். முழுக்க மூடிய ஒற்றை அகலப் பெல்ட் இதில் மோசம், ஏனென்றால் உள்ளே போன சேறோ பனியோ வெளியேற வழியில்லை. அது திரண்டு கெட்டியாகி பெல்ட்டை விறைக்க வைத்து ஆக்சிலை இழுக்கும். இரண்டு மூன்று குறுகிய பெல்ட்டுகளை இடைவெளி விட்டுக் குறுக்குப் பட்டைகளால் இணைத்தால் சேறு அந்த இடைவெளி வழியாகக் கீழே விழும், டயரின் முட்டுகளும் பட்டையைப் பிடித்துத் தள்ளும்.

டிராக் கழன்று விழாமல் காப்பவை உள்பக்கக் கைடுகள், அதாவது டயரின் இரு பக்கமும் நிற்கும் முளைகள். குட்டையாக இருந்தால் சரிவில் பக்கவாட்டாகப் போகும்போது டயர் அவற்றின் மேல் ஏறிக் குதித்துவிடும். ரொம்ப உயரமாக, நெருக்கமாக இருந்தால் பெல்ட் முன்டயரைச் சுற்றி வளையும் இடத்தில் முளைகளின் நுனிகள் ஒன்றையொன்று முட்டும். டயரின் பக்கச் சுவருக்கு ஏற்பச் சாய்த்து, நுனியை மழுங்கலாகச் செய்யுங்கள், இரு பக்கமும் விரல் நுழையும் இடம் விடுங்கள். வெட்டுவதற்கு முன் அட்டையில் நான்கு முளை செய்து டயர் மேல் வளைத்துப் பார்த்துவிட்டால் அரை நாள் மிச்சம்.

காற்றழுத்தத்தை யாரும் ஒழுங்காக யோசிப்பதில்லை, எனக்கு இதுதான் ஆதங்கம். ஒரே பக்கத்துச் சக்கரங்கள் செயினால் ஒரே வேகத்தில் சுற்றுபவை. ஒரு டயர் தேய்ந்தும் இன்னொன்று புதிதாகவும் இருந்தால் சுற்றளவு மாறுகிறது, இரண்டும் ஒரே பெல்ட்டை வெவ்வேறு வேகத்தில் இழுக்கின்றன, நடுவில் செயின் மாட்டிக்கொள்கிறது. காற்றடித்த பிறகு ஒவ்வொரு டயரையும் டேப் சுற்றி அளந்து சரிசெய்யுங்கள், மானியை மட்டும் நம்பாதீர்கள். இன்னொன்று குளிர். 20 டிகிரி கதகதப்பான ஷெட்டில் டிராக் போட்ட டயரில் 5 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டு மைனஸ் 20-இல் வெளியே போனால், அது தோராயமாக 2.3-க்கு இறங்கிவிடும், பாதிக்கும் குறைவு. பெல்ட் தளர்ந்து, முதல் சரிவிலேயே கழன்று விழும். ஓட்டும் இடத்துக் குளிரில் வண்டியை நிறுத்திவைத்து, டயர் ஆறிய பிறகு அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். தளர்ந்ததே என்று ஒரேயடியாக இறுக்குவதும் ஆபத்து, இழுவை முழுதும் முன் பின் ஆக்சில் பேரிங்குகளில் போய் உட்காரும்.

பட்டையின் முனை வண்டியின் உடம்பில் உரசினால் ஸ்பேசர் வைத்து டயரை வெளியே தள்ளுவார்கள். தள்ளும் ஒவ்வொரு செ.மீ.யும் ஆக்சிலை வளைக்கும் நெம்புகோலை நீட்டுகிறது. முதலில் பட்டையின் உள்முனையை வெட்டிப் பாருங்கள். வேறு வழியே இல்லாமல் ஸ்பேசர் வைத்தால், ஆக்சிலுக்கு வெளிப்பக்கத்திலும் பேரிங் தாங்கி ஒன்று போட்டாக வேண்டும். டிராக் போட்ட பின் தாழ்ந்த கியரில்தான் ஓட்டம். செயின்களின் தொய்வை முதல் சில ஓட்டங்களுக்கு ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

தண்ணீரில் டயரே துடுப்பு, ஓட்டம் மணிக்கு 4, 5 கி.மீ.தான். டிராக் போட்டால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கீழ்ப்பக்கம் தண்ணீரைப் பின்னே தள்ளும், மேல்பக்கமும் மூழ்கியிருந்தால் அதே அளவு தண்ணீரை முன்னே தள்ளும், ஒன்றை ஒன்று தின்றுவிடும். மேல்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்பதைக் கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, முழுச் சுமையை ஏற்றிப் பாருங்கள். வெளியே வந்ததும் ஆக்சில் பேரிங்குகளுக்கு கிரீஸ் அடியுங்கள், தொட்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். குளிர்கால இரவில் ஈர டிராக்கோடு வண்டியைத் தரையிலேயே விட்டால் காலையில் பனியோடு சேர்ந்து உறைந்திருக்கும், அப்போது கிளப்பினால் அறுவது செயின்தான். கிளைகள் மேலோ பலகை மேலோ ஏற்றி நிறுத்துங்கள்.

திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழற்றாதீர்கள். கொஞ்சம் ஓடவிட்டு அகலமாக வளையுங்கள், ஆக்சிலுக்கும் நல்லது, பல ஆண்டுகள் ஆறாத காயத்தை அந்தப் பாசிக்கும் உண்டாக்காது. காட்டுக்குப் போகும்போது நான்கைந்து உதிரிப் பட்டை, போல்ட் நட்டு, இரண்டு ஸ்பேனர், ஒரு காற்றுப் பம்ப், அழுத்தமானி எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். கழன்ற டிராக்கை மறுபடி மாட்ட முதலில் டயர்களின் காற்றை இறக்கி, பெல்ட்டை ஏற்றி, கைடுகளுக்குள் டயரை உட்கார வைத்து, அப்புறம் காற்றடிக்க வேண்டும். பம்ப் இல்லாவிட்டால் இதில் கடைசி வேலையைச் செய்ய முடியாது.