கோரிடோரஸ் வளர்ப்பு: தரையிலிருந்து தொடங்குங்கள்

மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித்தான் கோரிடோரஸ் மீனை நிறைய பேர் தலையில் கட்டுகிறார்கள். இது மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. கண்ணாடியில் படியும் பாசியையும் துடைத்துத் தராது. மிச்சம் மீதியை நம்பி விட்டுவிட்டால் வயிறு ஒட்டிப்போய் மெல்லச் செத்துவிடும். தனக்கென்று சாப்பாடும் நல்ல தரையும் வேண்டிய மீன் இது.

தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த கவசக் கெளுத்தி இனம். செதிலுக்குப் பதில் இருபக்கமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் இருக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது, 6-7 செ.மீ. வரை வளரும் வெண்கல நிறக் கோரி (கோரிடோரஸைச் சுருக்கமாக இப்படிச் சொல்வோம்).

படி 1: தொட்டி

உயரத்தைவிட அடிப்பரப்புதான் முக்கியம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் இருந்தால் 6 கோரிகளை வைக்கலாம். அதற்குக் குறைவாக வாங்காதீர்கள். கூட்டம் இல்லாவிட்டால் பயந்து மூலையிலேயே கிடக்கும். ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வெப்பநிலை 22-26 டிகிரி, பி.ஹெச். (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 6 முதல் 7.5.

படி 2: மணல்

இதில் மட்டும் சமரசம் வேண்டாம். கோரி சாப்பிடுவதைக் கிட்டே உட்கார்ந்து பாருங்கள். மீசையால் தரையைத் துழாவி, கண் வரைக்கும் மூக்கைப் புதைத்து, வாய் நிறைய மணலை அள்ளும். உணவை மட்டும் நிறுத்திக்கொள்ளும். மணல் செவுள் வழியாகப் புகைபோல வெளியேறும். முனை கூரான கற்களில் இதைச் செய்ய முடியாது. கற்களின் இடுக்கில் அழுகும் உணவு பாக்டீரியாவை வளர்க்கும், மீசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும். நைசான, உருண்டை மணிகள் கொண்ட மணலைக் கலங்கல் நிற்கும்வரை கழுவி, 3-4 செ.மீ. பரப்பினால் போதும்.

படி 3: தண்ணீரைப் பக்குவப்படுத்துதல்

குளோரின் நீக்கிய தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு வாருங்கள். அழுகும் உணவிலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியா, நைட்ரைட் என்ற நச்சுகளை மாற்றும் நல்ல பாக்டீரியா நிலைபெறப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறி, பிறகு நைட்ரைட் ஏறி, இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து அப்படியே நிற்க வேண்டும். அதற்கு முன் மீனை விடாதீர்கள்.

படி 4: வாங்குவதும் விடுவதும்

மீசை முழுசாக இருக்கிறதா, வயிறு உருண்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். பையை 15-20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகு விடுங்கள். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் முள் உண்டு. பயந்தால் விறைத்து நிற்கும், வலையில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. டப்பாவால் பிடிப்பதே நல்லது.

படி 5: உணவு

அடியில் மூழ்கும் பெல்லட்டை விளக்கு அணைத்தபின் போடுங்கள். மேல்மட்ட மீன்கள் அடங்கியிருக்கும். வாரத்தில் ஓரிரு நாள் உறைந்த ப்ளட்வார்ம் (சிவப்பு நிறப் புழு). மறுநாள் காலை மிஞ்சிக் கிடந்தால் எடுத்துவிட்டு, அளவைக் குறையுங்கள்.

படி 6: வாரந்தோறும்

25-30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். அப்போதே சைஃபன் குழாயை மணலுக்குச் சற்று மேலே பிடித்து அழுக்கை இழுங்கள்.

திடீரென்று ஒரு கோரி மேலே பாய்ந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும். பயப்பட வேண்டாம். விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் வசதி இதற்கு உண்டு. அதனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். ஆனால் எல்லா மீனும் அடிக்கடி இப்படி மேலே போனால், அன்றே அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து, ஏர் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள்.