வேர்ட்பிரஸில் ஸ்லக்கை மாற்றினால் பழைய லிங்க் எங்கே போய் நிற்கிறது?

ஸ்லக்கை, அதாவது முகவரியின் கடைசியில் பக்கத்தின் பெயராக வரும் பகுதியை, மாற்றிவிட்டுப் பழைய லிங்க்கைத் தட்டிப் பார்க்கிறோம், 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வரவில்லை, சரி வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அது எந்தப் பக்கத்தில் போய் நிற்கிறது என்று பாருங்கள்.

ஒரு தளத்தில் 'கட்டணம்' என்ற பக்கத்தின் ஸ்லக்கை 'சேர்க்கை-கட்டணம்' என்று மாற்றினேன். பழைய லிங்க் திறந்தது, ஆனால் 'கட்டணம்-செலுத்தும்-முறை' என்கிற வேறொரு கட்டுரையில். கட்டுரை (போஸ்ட்) என்றால் பழைய ஸ்லக்கை வேர்ட்பிரஸ் குறித்து வைத்துக்கொண்டு 301, அதாவது நிரந்தர ரீடைரக்ட், போட்டுப் புது முகவரிக்கு அனுப்பிவிடும். பக்கங்களுக்கு (பேஜ்) அந்த வசதி கிடையாது, அதே எழுத்துகளில் தொடங்கும் ஏதாவது இருந்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து அங்கே தள்ளிவிடும். அதனால் பக்கங்களுக்கு ரீடைரக்டை நீங்களே போடுங்கள். தாய்ப் பக்கத்தின் ஸ்லக் மாறினால் அதன் கீழே உள்ள எல்லாப் பக்கங்களின் முகவரியும் மாறும், அவற்றுக்கும் சேர்த்துப் போட வேண்டும்.

மாற்றுவதற்கு முன்பே பேக்கப் எடுத்துக்கொண்டு, பழைய ஸ்லக் எங்கெல்லாம் இருக்கிறது என்று டேட்டாபேஸில் தேடிப் பட்டியல் போட்டுவிடுங்கள். மெனுவில் பக்கமாகச் சேர்த்தவை தானாக மாறிக்கொள்ளும், கஸ்டம் லிங்க்காகச் சேர்த்தவையும் கட்டுரைக்குள் ஒட்டியவையும் விட்ஜெட்டில் இருப்பவையும் அப்படியே கிடக்கும்.

தமிழ் ஸ்லக் என்றால் இன்னொரு சிக்கல். டேட்டாபேஸில் ஸ்லக் தமிழாக இருக்காது. 'க' என்ற ஒரே எழுத்து %e0%ae%95 என்று சதவீதக் குறிகளோடு 9 குறிகளாகச் சேமிக்கப்படும், ஸ்லக்குக்கு மொத்த இடமே 200 குறிகள்தான், அதனால் நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். வேர்ட்பிரஸ் இதைச் சின்ன ஆங்கில எழுத்தில் வைக்கிறது, பிரவுசரிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பெரிய எழுத்தில் வரலாம், சிலர் தமிழிலேயே தட்டியிருப்பார்கள். மூன்று வடிவத்திலும் தேடுங்கள். டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் கருவி) கொண்டு மாற்றுகிறீர்கள் என்றால் முதலில் டிரை-ரன், அதாவது எதையும் மாற்றாத ஒத்திகை, ஓட்டி, எந்த டேபிளில் எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள். சின்ன எழுத்து, பெரிய எழுத்து அதற்கு வேறுவேறு.

அப்புறம் சோதனை. முன்பு போன 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்திருக்கும், ஆகவே இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள், அல்லது கர்ல் (curl) கட்டளையில் ஹெட்டரை, அதாவது சர்வர் பதிலின் தலைப்புத் தகவலை, மட்டும் கேளுங்கள். பழைய முகவரிக்கு 301, அதில் குறிப்பிட்ட இடம் நீங்கள் நினைத்த பக்கம், அங்கே 200 (பக்கம் சரியாகத் திறந்தது என்ற பதில்): மூன்றும் பொருந்த வேண்டும். பழைய ஸ்லக்கைப் புதுக் கட்டுரை எதற்கும் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் பழைய லிங்க்கில் வருகிறவர்கள் அந்தக் கட்டுரையில்தான் போய் நிற்பார்கள், சோதனையோ 200 என்று காட்டும்.