கண்மாயில் தூண்டிலுக்குச் சிக்கிய சிறுமீனை இனம் காண்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை மழையில் இராமநாதபுரம் கடலோரத்துக் கண்மாய்கள் பெருகியதும், மண்புழு கோத்துத் தூண்டில் போடுகிறவர்களுக்கு விரல் நீளத்துச் சிறுமீன்களே பெரும்பாலும் கிடைக்கின்றன. அவற்றைப் ‘பொடிமீன்’ என்று ஒரே பெயரில் ஒதுக்காமல் பிரித்தறிய நிறத்தை நம்பாதீர்கள். கலங்கல் நீரில் வாழும் மீன் வெளிறியிருக்கும், செத்த மீனோ விரைவில் நிறம் மாறிவிடும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய பறவைகள் சரணாலயக் கண்மாய்களில் தூண்டிலே போடக்கூடாது. பிற கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், கையை நனைத்துக்கொண்டு மீனைத் தெளிந்த நீர் நிரப்பிய கண்ணாடிப் பாட்டிலில் விடுங்கள். ஆனால் உடம்பில் செதில் இல்லாமல் வாயைச் சுற்றி மீசை இருந்தால் கையால் தொடாதீர்கள், ஏனெனில் அது தேளியாக இருக்கலாம். அதன் மார்புத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு, குத்தினால் கடுமையாக வலிக்கும். குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றிய பிறகு முதுகைப் பாருங்கள். வாலுக்கு முன்னால் சதைப்பற்றான சிறு துடுப்பு ஒன்று தனியாக இருந்தால் கெளுத்தி. அது இல்லாமல், அடித்துடுப்பு வால் வரை நீண்டிருந்தால் தேளி.

செதில் உள்ள மீனாயின் முதுகுத் துடுப்பே முதல் சான்று. நடுமுதுகில் குட்டையான ஒற்றைத் துடுப்பும் பிளந்த வாலும் கொண்டது கெண்டை. முதுகில் இரண்டு துடுப்புகளும், வயிற்றடியில் இணைந்து கிண்ணம் போலான துடுப்பும் இருந்தால் உளுவை. நீண்ட முதுகுத் துடுப்பின் முன்பகுதி முழுவதும் கூர்முள்ளாக இருந்தால், செவுள் மூடியின் ஓரத்தை நோக்குங்கள்: ரம்பப் பல் போலிருந்தால் பனையேறிக் கெண்டை, வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் ஜிலேபி. ஜிலேபிக்கு மூக்குத் துளை பக்கத்துக்கு ஒன்றுதான், பனையேறிக் கெண்டைக்கு இரண்டு. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி உப்புநீரையும் தாங்குவதால் கழிமுகங்களிலும் கிடைக்கிறது.

பலரும் தடுமாறுவது விராலிலும் குரவையிலும்தான். இரண்டுக்கும் பாம்புத் தலை, முள்ளில்லாமல் முதுகு நெடுக ஓடும் துடுப்பு; அதனால் வளர்ந்த குரவையை விரால் குஞ்சு என்று எண்ணி விடுபவர்களும் உண்டு, விரால் குஞ்சைக் குரவை என்று குழம்பில் போடுபவர்களும் உண்டு. இரண்டாவது பிழை எனக்குப் பெரிதும் வருத்தம் தருவது. முதுகுத் துடுப்பை விரித்துக் கைப்பேசியில் அருகிலிருந்து படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிக் கதிர்களை (துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சிகளை) எண்ணுங்கள்: குரவைக்கு 28 முதல் 33 வரை, விராலுக்கு 37 முதல் 46 வரை இருக்கும். எண்ணிக்கை விரால் என்று காட்டினால் குஞ்சை அதே இடத்தில் நீரில் விடுங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலெழுந்து மூச்சு வாங்கும் இடத்தில் பெற்றோர் மீன் காவல் நிற்கும் என்பதால், அங்கே இரையையே இறக்காதீர்கள்.