புத்தகம் இல்லையென்றால் 404 அனுப்புங்கள்: ஃபிளாஸ்கில் செய்முறை

சின்ன நூலகம் ஒன்றுக்கு, பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஃபிளாஸ்கில், புத்தகப் பட்டியல் தளம் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். இல்லாத எண்ணைக் கேட்டால் ‘இந்தப் புத்தகம் எங்களிடம் இல்லை’ என்று பக்கம் வரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள், தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்தால் ‘சாஃப்ட் 404’ என்று வரிசையாகப் புகார்கள். பக்கம் ‘இல்லை’ என்கிறது, கூடவே சர்வர் ‘200’ அனுப்புகிறது. 200 என்றால் ‘கேட்டது கிடைத்தது’ என்று பொருள்; ‘கேட்டது இங்கே இல்லை’ என்பதற்கு 404. வாசகத்தை மனிதர் படிப்பார். பிரவுசருக்கும் தேடுபொறிக்கும் முதலில் எண்தான் கணக்கு.

அந்த எண்ணைச் சரியாக அனுப்புவது எப்படி என்று பார்ப்போம். நிரல் வரிகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, ரூட்: எந்த முகவரிக்கு எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்று சொல்லும் வரி. முகவரியில் புத்தக எண் வரும் இடத்தில் ‘இன்ட்’ (முழு எண்) என்ற வகையையும் சேர்த்து எழுதுங்கள். 57 என்று வர வேண்டிய இடத்தில் யாராவது எழுத்துகளை அடித்தால் ஃபிளாஸ்கே 404 அனுப்பிவிடும். உங்களுக்கு வேலை மிச்சம்.

அடுத்தது, எண் சரிதான், ஆனால் டேட்டாபேஸில் அந்தப் புத்தகம் இல்லை. தேடல் ‘நன்’ என்று வெறுமையைத் தரும். அதைக் கவனிக்காமல் அடுத்த வரியில் புத்தகத்தின் தலைப்பைக் கேட்டால் பைத்தான் முறிந்து 500 போகும். 500 என்றால் கோளாறு சர்வரில் என்று அர்த்தம். இல்லாத ஒன்றைக் கேட்டவருக்கு அந்தப் பதில் பொருந்தாது. அதனால் தேடியவுடன் இப்படி எழுதுங்கள்:

இஃப் புக் இஸ் நன்:
    அபார்ட்(404)

அபார்ட்டை ஃபிளாஸ்கிலிருந்து இம்போர்ட் செய்ய மறக்காதீர்கள். இதற்கு ரிட்டர்ன் தேவையில்லை. அபார்ட் ஓர் எக்ஸெப்ஷனை (ஓட்டத்தை இடையில் நிறுத்தும் பிழை அறிவிப்பை) எழுப்புகிறது, கீழே உள்ள வரிகள் ஓடாது.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பாதுகாப்புக்கு என்று ஃபங்ஷன் முழுவதையும் ட்ரை போட்டுச் சுற்றி, கீழே ‘எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்’ என்று எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. அபார்ட் எழுப்பியதையும் அது பிடித்து விழுங்கிவிடும். 404 போக வேண்டிய இடத்தில் நீங்கள் எக்ஸெப்டுக்குள் எழுதிய பதில் போகும். அபார்ட்டை ட்ரைக்கு வெளியே வையுங்கள்.

மூன்றாவது, சொந்தப் பக்கம். ஃபிளாஸ்க் தானாகக் காட்டும் பிழைப் பக்கம் ஆங்கிலத்தில், மொட்டையாக இருக்கும். ‘ஆப்.எரர்ஹேண்ட்லர்(404)’ என்ற டெகரேட்டரை (ஃபங்ஷனுக்கு மேலே @ போட்டு எழுதும் வரி) போட்டு ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள்; 404 வரும்போது ஓடும் ஹேண்ட்லர் இதுதான். எரர் என்ற ஒரு ஆர்கியுமென்ட்டை அது வாங்க வேண்டும். உள்ளே ஒரே வரி:

ரிட்டர்ன் ரெண்டர்_டெம்ப்ளேட்("404.எச்டிஎம்எல்"), 404

கடைசியில் இருக்கும் காற்புள்ளியும் 404-உம் அலங்காரம் அல்ல. அதை விட்டால் ஃபிளாஸ்க் 200 போட்டு அனுப்பும். 404-க்கான ஹேண்ட்லர்தானே, எண் தானாக வந்துவிடும் என்று நினைப்போம், வராது. நூலகத் தளத்தில் நான் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று: காணாத பக்கத்தை எல்லாம் முகப்புக்குத் திருப்பிவிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. புத்தகம் தேடி வந்தவர் முகப்பில் நின்று முழிப்பார். 404 பக்கத்திலேயே ஒரு தேடல் பெட்டியை வைத்தால் போதும். வேண்டுமென்றே நிரந்தரமாக நீக்கியதற்கு 410 அனுப்பலாம். அதற்குத் தனி ஹேண்ட்லர் வேண்டும்.

சரி, இப்போது சோதனை. கண்ணால் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, 99999 போல இல்லாத எண் ஒன்றை முகவரியில் அடியுங்கள். பட்டியலின் முதல் வரியில் ஸ்டேட்டஸ் 404 என்று வர வேண்டும். 200 வந்தால் அந்தக் காற்புள்ளியைப் போய்ப் பாருங்கள்; 500 வந்தால் ‘நன்’ சோதனையை.