மண்டை ஓட்டைப் பார்த்து "இவர் எந்த ஊர்" என்று சொல்வதற்கு முன்

மக்களுக்கு மக்கள் முக எலும்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க மண்டை ஓட்டைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், முதலில் உங்கள் முகத்திலேயே தொடங்கலாம். ஆள்காட்டி விரலைப் புருவங்களுக்கு நடுவில் வைத்து, அழுத்தியபடி மூக்கு வழியாகக் கீழே இழுங்கள். பாதி தூரம் வருவதற்குள் கெட்டியாக இருந்தது நெகிழ்ந்துவிடும், விரலால் தள்ளினால் பக்கவாட்டில் ஆடும். எலும்பு அவ்வளவுதான், அங்கேயே முடிந்துவிட்டது. கீழே இருப்பதெல்லாம் குருத்தெலும்பும் சதையும். நாம் கூர்மூக்கு, சப்பைமூக்கு என்று பேசுவதில் பாதிக்கு மேல் மண்டை ஓட்டில் இருக்கவே இருக்காது. இமை மடிப்பும் உதட்டின் தடிப்பும் அப்படித்தான்.

சரி, எலும்பு எங்கே இருக்கிறது? கண்குழியின் கீழ் விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து கன்ன எலும்பின் மேல் விரலை ஓட்டிக் காது வரை போங்கள். சிலருக்கு இந்த எலும்பு முன்பக்கம் அகலமாக நின்று பிறகு சட்டென்று திரும்பும், சிலருக்கு மூக்கின் ஓரத்திலிருந்தே பின்னோக்கிச் சரிந்துவிடும். மக்கள் கூட்டங்களுக்கு இடையில் உண்மையாகவே மாறுகிற விஷயங்களில் இது ஒன்று. மற்றவை எலும்பில் தெரியும் மூக்குத் துளையின் அகலம், அதன் கீழ் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கிறதா மழுங்கி வழிகிறதா என்பது, மேல்தாடை முன்தள்ளும் அளவு, கண்குழியின் வடிவம்.

அடுத்து ஒரு மாதிரி மண்டை ஓடோ முப்பரிமாண ஸ்கேனோ கிடைத்தால் நல்லது. அளக்கும் முன் அதை நிமிர்த்தி வைக்க வேண்டும்: கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். இதற்குப் பிராங்க்பர்ட் தளம் என்று பெயர். நான் ஒருமுறை இதைச் சரிபார்க்காமல், தாடை நன்றாக முன்தள்ளி இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். அப்புறம்தான் அடியில் வைத்திருந்த துணிச்சுருள் மண்டை ஓட்டைச் சாய்த்திருப்பதைப் பார்த்தேன். அதை இழுத்துவிட்டதும் தள்ளலும் இல்லை, ஒன்றும் இல்லை. போட்டோவை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் பக்கத்தில் வைத்து எடுத்த படம் முகத்தின் நடுப்பகுதியை ஊதிக் காட்டும்.

மூக்குக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுவது சுலபம். எலும்பில் தெரியும் மூக்குத் துளையின் அதிகபட்ச அகலத்தை மூக்கின் உயரத்தால் (புருவங்களுக்கு நடுவில் மூக்கெலும்பு தொடங்கும் இடத்திலிருந்து துளையின் கீழ் விளிம்பு வரை) வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 47-க்குக் கீழே குறுகியது, 47 முதல் 51-க்குள் நடுத்தரம், 51-உம் அதற்கு மேலும் அகலம் என்பது பழைய பிரிப்பு. உயரம் 50 மி.மீ. என்று வையுங்கள். அகலம் 23 என்றால் குறியீடு 46, குறுகிய மூக்கு. 26 என்றால் 52, அகன்ற மூக்கு. மூன்றே மில்லிமீட்டரில் மூன்று வகையையும் தாண்டிவிட்டோம்! காலிப்பரை, அதாவது அளக்கும் இடுக்கியை, ஒரு முடி அளவு தள்ளிப் பிடித்தாலே வகை மாறக்கூடிய இடம் இது, அதனால் எண்ணை எழுதுங்கள், வகையின் பெயரை எழுதாதீர்கள். இந்த மாதிரி எண்ணை வைத்து மனிதர்களை உயர்த்தி தாழ்த்தி வரிசைப்படுத்திய காலமும் உண்டு. 1901 இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வழிநடத்திய ரிஸ்லி, சாதியின் அந்தஸ்து மூக்கின் அகலத்துக்கு எதிர்விகிதமாக இருக்கிறது என்றே எழுதினார். அவர் அளந்தது உயிரோடு இருந்தவர்களின் மூக்கை, அதாவது பெரும்பாலும் சதையை.

ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டதும் "இது இந்த மக்களுடைய அமைப்பு" என்று தாவாதீர்கள். முதலில் பல்லைப் பாருங்கள். பல் விழுந்துபோனால் அதைத் தாங்கிய எலும்பு கரைந்து முகமே குட்டையாகும். வயது ஏற ஏறக் கண்குழியும் மூக்குத் துளையும் விரியும், மேல்தாடை உள்வாங்கும். கனத்த புருவமேடும் சதுரமான மோவாயும் ஆண்களிடம் அதிகம் என்றாலும் எல்லாக் கூட்டத்திலும் விதிவிலக்குகள் தாராளம்.

இவற்றை எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் காரணம் தேட வேண்டும். மூக்குக்குத் தட்பவெப்பம் ஓரளவு பொருந்துகிறது: குளிர்ந்த வறண்ட காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி உள்ளே அனுப்பக் குறுகிய உயரமான வழி உதவும். தாடைக்கு மெல்லும் வேலை. வேட்டையாடிச் சேகரித்து வாழ்ந்தவர்களின் கீழ்த்தாடைக்கும் விவசாயிகளின் கீழ்த்தாடைக்கும் உலக அளவிலேயே வடிவ வித்தியாசம் தெரிகிறது. ஒரு அம்சத்தைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்கவும் முடியாது. ஆர்க்டிக் பகுதி இனூயிட் மக்களுக்கு முகம் அகலம், கன்னம் தட்டை, ஆனால் எலும்பில் மூக்குத் துளை குறுகலானது. அகல முகம் என்றால் அகல மூக்கு என்று நினைப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். மீதி வேறுபாட்டில் பெரும்பகுதிக்குச் சிறப்பான பயன் எதுவும் இல்லை, சிறு கூட்டங்களாகப் பிரிந்து போனபோது தற்செயலாக நிலைத்தவை. 2007-இல் 4,000-க்கும் மேற்பட்ட மண்டை ஓடுகளை வைத்துப் பார்த்ததில், ஆப்பிரிக்காவிலிருந்து தூரம் கூடக் கூட ஒரு மக்களுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு குறைந்துகொண்டே போனது. அப்படிச் சிறு கூட்டங்களாகப் பிரிந்து போனதன் தடம் அது.

எவ்வளவுதான் வேறுபாடு என்றால், மானிடவியலாளர் வில்லியம் ஹவல்ஸ் 28 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 2,524 மண்டை ஓடுகளை, ஒவ்வொன்றிலும் பல அளவுகள் எடுத்து வைத்தார். அந்தத் தரவைக் கொண்டு இன்னொரு மானிடவியலாளர் ஜான் ரெலத்ஃபோர்ட் 2002-இல் கணக்குப் போட்டபோது, மொத்த வேறுபாட்டில் சுமார் 81 சதவீதம் ஒரே கூட்டத்துக்குள் இருந்தது, கண்டங்களுக்கு இடையில் இருந்தது 13 சதவீதம் அளவுக்குத்தான். தோல் நிறம் இதற்கு நேர் தலைகீழ், அங்கே 88 சதவீதம் கண்டங்களுக்கு இடையில். நிறத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் நாம் எலும்பையும் பார்க்கிறோம், சிக்கல் அங்கேதான்.

நிபுணர்களும் தப்பவில்லை. 1996-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் கென்னவிக் மனிதர் என்று பிறகு பெயர் பெற்ற எலும்புக்கூடு கிடைத்தது. வயது 8,000 ஆண்டுகளுக்கு மேல். மண்டை ஓட்டைப் பார்த்து முதலில் ஐரோப்பியர் போல் இருக்கிறது என்றார்கள், பிறகு அளந்து பார்த்து ஜப்பானின் பூர்வகுடிகளான ஐனு மக்களோடும் பசிபிக் தீவுகளின் பாலினீசியர்களோடும் ஒப்பிட்டார்கள், எலும்புகள் யாரிடம் போக வேண்டும் என்று வழக்கும் நடந்தது. 2015-இல் மரபணுவைப் படித்தபோது, இன்றைய மக்களில் அவருக்கு மிக நெருக்கமானவர்கள் அமெரிக்கப் பூர்வகுடிகள்தான் என்று தெரிந்தது. 2017-இல் அவர்களே அவரை அடக்கம் செய்தார்கள். நூறு மண்டை ஓடுகளின் சராசரியில் தெரிகிற போக்கை ஒற்றை மண்டை ஓட்டின் மேல் ஏற்றினால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே குறிப்பை இப்படி எழுதுங்கள்: மூக்குத் துளை அகலம் 26 மி.மீ., மூக்கின் உயரம் 50, துளையின் கீழ் விளிம்பு மழுங்கியது, கன்ன எலும்பு முன்னோக்கி, மேல் பற்கள் முழுதும் உண்டு, நடுவயது, பாலினம் உறுதியில்லை. ஒவ்வொரு அளவையும் மறுநாள் ஒருமுறை, முதல் நாள் எண்ணைப் பார்க்காமல் எடுங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பக்கத்தில் குறியுங்கள். ஊர் என்ற கட்டம் இருந்தால் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.