காந்த வண்டியில் வெல்டிங் வைக்காதீர்கள்

போன வாரம் பல்லடம் பக்கம் ஒரு ஷெட் வேலை முடிகிற நேரம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் காந்த வண்டியை எடுத்துக்கொண்டு தரையில் கிடக்கும் ஆணி, ஸ்க்ரூ, கம்பித் துண்டுகளைப் பொறுக்கப் போனார்கள். ஒருவன் சக்கரத்தைக் கீழ்த் துளைக்கு மாற்றி வண்டியை உயர்த்திவிட்டான். "கல்லுல தட்டுதுண்ணே" என்றான். இன்னொருவன், சக்கரம் ஆடுகிறது, ஒரு டேக், அதாவது சின்ன வெல்டிங் பொட்டு, வைத்துவிடலாம் என்று வெல்டிங் ஹோல்டரைக் கையில் எடுத்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட்காரர் எட்டிப் பார்த்தார்.

இரண்டையும் நானே செய்தவன்தான், அதனால்தான் அவ்வளவு கோபம். ஏடிஎம் கார்டை அருகில் வைக்காதே, பேஸ்மேக்கர் வைத்தவர் தள்ளி நிற்கட்டும் என்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

உயரத்தை ஏற்றுவது

காந்தத்தின் பலம் தூரத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை, சடாரென்று விழும். ஒரு சின்னக் காந்தத்திலிருந்து தள்ளி நின்று பார்த்தால், தூரம் இரண்டு மடங்கானதும் காந்தப் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆணியை இழுக்கும் விசை அதைவிடவும் வேகமாகக் குறையும். வண்டியில் இருப்பது நீளமான காந்தப் பட்டை. அதனால் கிட்டத்தில் கணக்கு இவ்வளவு மோசமில்லை, ஆனால் போகிற திசை அதேதான்.

சிமென்ட் தரையில் இரண்டு விரல் தடிமன் இடைவெளி போதும். ஜல்லி கிடக்கும் இடத்தில் இன்னும் ஒரு விரல் ஏற்றலாம். கல்லில் தட்டினால் கல்லைத்தான் எடுக்க வேண்டும்.

பெட்டியில் போட்ட கிலோவை நம்புவது

அது தடிமனான, வழவழப்பான இரும்புத் தகட்டில் இடைவெளியே இல்லாமல் ஒட்டவைத்துப் பார்த்த கணக்கு. உங்கள் ஆணி மண்ணில் கிடக்கிறது.

காந்தத்தின் மேல் வெல்டிங் வைப்பது

சுமார் பத்து வருடத்துக்கு முன் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு நியோடிமியம் காந்த வண்டி வாங்கினேன். மூன்றடி அகலம். மூன்றாவது மாதமே ஒரு பக்கத்துச் சக்கரப் பிராக்கெட் விரிசல் விட்டது. பட்டறை என்னுடையது, மெஷின் என்னுடையது, இதற்குப் போய் எவனிடம் நிற்பது என்று நானே உட்கார்ந்து பற்றவைத்தேன்.

அப்போதே ஒரு எச்சரிக்கை வந்தது. டிசி மெஷினில் ஆர்க் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ராடு முனையிலிருந்து பக்கவாட்டில் சீறிக்கொண்டு ஓடியது, உருகிய இரும்பு ஒரே பக்கமாகத் தெறித்தது. ராடு நமுத்துப்போய்விட்டது என்று நினைத்து வேறு ராடு போட்டேன். அதுவும் ஓடியது. ஆம்பியரை ஏற்றி, நிறுத்தி நிதானமாக ஓட்டினேன். ஆர்க் என்பது காற்றில் பாயும் மின்சாரம். மின்சாரம் பாயும் எதையும் காந்தப் புலம் பக்கவாட்டில் தள்ளும், மோட்டார் சுற்றுவதும் இதனால்தான். ஆக, "என் மேல் நெருப்பு வைக்கிறாய்" என்று காந்தமே சொல்லியிருக்கிறது. நான் பதிலுக்கு ஆம்பியரை ஏற்றியிருக்கிறேன்.

சூடு ஏன் ஆகாது என்று சொல்ல வேண்டுமானால் ஆணி ஏன் ஒட்டுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனிக் காந்தம் மாதிரி, ஆனால் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சந்தைக் கூட்டம் போல. அதனால் மொத்தத்தில் ஆணிக்குக் காந்தத் தன்மை இருக்காது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் அவை பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பிவிடும், ஆணியே தற்காலிகக் காந்தமாகிவிடும். ஓர் ஆணியின் வாலில் இன்னொன்று தொங்குவது இதனால்தான். காந்தத்தை எடுத்துவிட்டால் கட்டுக்கம்பி மாதிரி மிருதுவான இரும்பில் அந்த ஒழுங்கு அநேகமாகக் கலைந்துவிடும். டிரில் பிட் மாதிரி கடினமான எஃகில் கொஞ்சம் தங்கும். நிலைக்காந்தம் என்பது அந்த ஒழுங்கு எளிதில் கலையாதபடி செய்த பொருள்.

அதைக் கலைப்பதில் சூட்டுக்கு நிகர் எதுவும் இல்லை. 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பே காந்தத்தில் ஒட்டாது. இந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர், 1895-இல் இதை ஆராய்ந்து எழுதிய பியர் கியூரியின் பெயரால். நியோடிமியம் காந்தத்துக்கு அந்த எல்லை 310 டிகிரி பக்கம்தான். ஆனால் சாதாரண ரகத்துக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. 80 டிகிரியைத் தாண்டினாலே பலம் போகத் தொடங்கும், ஆறிய பிறகும் திரும்பி வராது. வெல்டிங் குட்டையில் இரும்பு 1,500 டிகிரியில் உருகுகிறது. நாலு விரல் தள்ளித் தகட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் காந்தத்துக்கு என்ன ஆகியிருக்கும்?

ஆறிய பின் நடுவில் ஓர் ஆணியை வைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒட்டியது. சரி, வேலை முடிந்தது என்று அடுத்த சைட்டுக்கு எடுத்துப் போனேன். ஓரத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அங்கே முதலாளி கார் நிறுத்தும் முற்றத்தை நானே இழுத்துச் சுத்தம் செய்து கொடுத்தேன். திறப்பு விழா பூஜையன்று வந்த கார்களில் நான்கு பஞ்சர். எல்லாம் கூரைக்குப் போடும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. அதில் ஒரு டயர் பக்கச் சுவரில் கிழிந்துவிட்டது, ஒட்டுப் போட வழியில்லை. கடைசி பில்லில் 15,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். வாயைத் திறக்க முடியவில்லை.

பட்டறைக்கு வந்து தரையில் ஆணிகளை நெருக்கமாகப் பரப்பி வண்டியை இழுத்தேன். வெல்டிங் வைத்த பக்கம் ஆறு அங்குல அகலத்துக்கு ஆணிகள் அப்படியே கிடந்தன, தலையில் வகிடு எடுத்த மாதிரி. இப்போது மாதம் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்கிறேன்.

பிராக்கெட் உடைந்தால் காந்தப் பட்டையைக் கழற்றித் தூர வைத்துவிட்டுப் பற்றவையுங்கள். கழற்ற முடியாத வண்டியென்றால் யூ கிளாம்ப் போட்டு போல்ட்டில் முடியுங்கள். காந்தத்திலேயே துளை போடப் பார்க்காதீர்கள். நியோடிமியம் காந்தம் பீங்கான் மாதிரி உடையும், அதன் தூள் தீப்பிடிக்கும். ஃபெரைட் காந்தம் 250 டிகிரி வரை தாங்கும் என்றாலும் அதே பலத்துக்கு வண்டி கனத்துவிடும்.

ஒரே திசையில் இழுப்பது

குறுக்கேயும் ஒரு முறை.

ஓடுவது

நடங்கள்.

எல்லாமே ஒட்டும் என்று நினைப்பது

அலுமினியம், பித்தளை, தாமிரம் வராது. 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்க்ரூவும் நம்பும்படி வராது. அதை வளைத்த இடத்தில் மட்டும் லேசாக ஒட்டும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 430 ரகம் நன்றாக ஒட்டும். அலுமினிய பாப் ரிவெட் அடித்தபின் கீழே விழும் தண்டு பெரும்பாலும் இரும்பு, அது வந்துவிடும். ரிவெட் தலை வராது. எனவே விளக்குமாற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கையால் வழிப்பது

டிரில் சுருள் ஒன்று நகக்கண்ணில் ஏறினால் புரியும். குப்பை டிரம் பக்கம் போய் நின்று கைப்பிடியை இழுங்கள். காந்தம் மேலே விலகும், ஒட்டியதெல்லாம் தானே உதிரும். அதற்குப் பிறகும் தாடி மாதிரி கருப்பாக ஒட்டியிருப்பது அநேகமாக மணலில் இருக்கும் காந்த இரும்புத் துகள். கையுறை போட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள்.

சைட்டுக்கு வெளியே இழுக்காமல் விடுவது

வேலிக்கு அப்பால் புல் இருந்தால் அங்கேயும் மாடு மேயும். மாடு கம்பித் துண்டைத் தனியாகப் பிரித்துத் துப்பாது, புல்லோடு விழுங்கிவிடும். அது தேன்கூடு போலிருக்கும் இரண்டாவது இரைப்பையில் போய்த் தங்கும். அங்கிருந்து குத்திக்கொண்டு முன்னால் நகர்ந்தால் இதய உறையையே தொட்டுவிடும். இதற்காகவே பால் பண்ணைகளில் விரல் நீளக் காந்தம் ஒன்றை மாட்டை விழுங்கவைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. உள்ளே போகிற கம்பியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். மாடு இருக்கும்வரை அந்தக் காந்தம் வயிற்றிலேயே கிடக்கும்.